ஒரு கூத்தைக் கலைச்சொற்களோடு பகுப்பாய்வு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாடகம் பற்றி முதன்முதலில் ஆய்வுக் கட்டுரை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மேடையில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். "இங்கே குறியீடு வருகிறது", "இது அந்நியமாதல்", "நான்காம் சுவர் உடைகிறது". வாக்கியம் முடிந்துவிடும். ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பார்க்காத ஒருவருக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது.

ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் கலைச்சொல்லின் வேலை. பிரிக்காத சொல் கட்டுரைக்குப் பாரம். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: வட தமிழகத்துத் தெருக்கூத்தில் ஆடப்படும் 'கர்ண மோட்சம்'. காரணம் இருக்கிறது. நாம் பாடத்தில் படிக்கிற சொற்களில் பாதி கிரேக்கத்திலும் ஜெர்மனியிலும் பிறந்தவை. அவை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது கூத்துக்களத்தில் உடனே தெரிந்துவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கூத்தை இரண்டு முறையாவது பார்த்திருக்க வேண்டும். ஒன்று நேரில், விடிய விடிய. மற்றது பதிவாக இருக்கலாம். பதிவை மட்டும் பார்த்து எழுதினால் ஒளிப்பதிவாளர் எங்கே திரும்பினாரோ அதைத்தான் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிரிக்க வைத்தபடி வேஷங்களை அறிமுகப்படுத்தும் கட்டியங்காரன் பேசும்போது பின்னால் இருந்த வாத்தியக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியாமலே போகும்.

கதையின் ஒரு வடிவமாவது எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். வில்லிபாரதத்தின் கர்ணன் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். குந்தி கேட்ட வரங்கள், அந்தணனாக வந்து கண்ணன் புண்ணியத்தை யாசித்தது, களத்தில் குந்தி மகனை மடியில் கிடத்தி அழுதது, இவை தெரிந்தால்தான் குழு எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது என்று சொல்ல முடியும்.

மூன்றாவது, ஒரு சொற்பட்டியல். இருபது சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு வரையறையும், அந்தச் சொல் எதைக் குறிக்காது என்று இன்னொரு வாக்கியமும் எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தை எழுத முடியாத சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் இன்னும் உங்கள் வசப்படவில்லை.

2. முதலில் பெயர் வைக்காமல் எழுதுங்கள்

குறிப்பேட்டில் நான்கு நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், கண்டது, கேட்டது, சொல். கூத்து நடக்கும்போது முதல் மூன்றை மட்டும் நிரப்புங்கள். நான்காவது காலியாகவே இருக்கட்டும்.

பெயர் வந்துவிட்டால் கண் நின்றுவிடும், அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. "கர்ணன் பிரவேசம்" என்று எழுதிய மாணவர் அடுத்த பத்து நிமிடத்துக்குக் குறிப்பு எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாணவி எழுதியது இது: "இரண்டு பேர் துணியைப் பிடித்து நிற்கிறார்கள். மேலே முடி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. முகம் தெரியவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து பாட்டு. 'வந்தான்' என்கிறார், 'வந்தேன்' என்று சொல்லவில்லை. கடைசி அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். மத்தளம் வேகம் பிடிக்கிறது. துணி ஆடுகிறது."

இந்த ஒன்பது வரியில் ஒரு கலைச்சொல்லும் இல்லை. ஆனால் நல்ல கட்டுரைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. 'வந்தான்' என்ற ஒரு விகுதியைக் காதில் வாங்கியதால், பின்னால் அந்த மாணவியால் ஒரு முழு அத்தியாயமே எழுத முடிந்தது.

3. எதைப் பகுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'கர்ண மோட்சம்' என்று சொன்னால் மூன்று பொருள் வரும். அச்சிலோ ஏட்டிலோ இருக்கும் நாடகப் பனுவல் ஒன்று. ஒரு குழு பல ஆண்டுகளாக ஆடி வளர்த்து வைத்திருக்கும் ஆட்டவடிவம் இன்னொன்று. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட இரவில் நடந்த நிகழ்த்தல் மூன்றாவது.

இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பனுவலில் உள்ள வரியை நடிகர் அன்று சொன்னதாகவும், நடிகர் அன்று சேர்த்த பேச்சைப் பனுவலில் இருப்பதாகவும் எழுதிவிடுவோம். கட்டியங்காரன் பேச்சில் பெரும்பகுதி அங்கேயே பிறப்பது. அதைப் "பனுவலின் அங்கதம்" என்று எழுதினால் அது தகவல் பிழை.

எழுதும்போது ஒரு எளிய ஒழுங்கு உதவும். பனுவலைப் பற்றிய வாக்கியத்தை நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "குந்தி வரம் கேட்கிறாள்." நிகழ்த்தலைப் பற்றியதை இறந்தகாலத்தில் எழுதுங்கள்: "அன்று குந்தி வேஷம் கட்டியவர் இந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்." வினைமுற்றைப் பார்த்தே எதைச் சொல்கிறீர்கள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

4. ஆடுகிறவர்களின் சொல்லுக்கு முதல் இடம்

'சொல்' என்ற நான்காவது நெடுவரிசையை நிரப்பத் தொடங்கும்போது, பாடநூலுக்குப் போகாமல் முதலில் ஆட்டம் கற்றுக்கொடுக்கும் குழுவின் வாத்தியாரிடம் போங்கள். கூத்துக்காரர்களிடம் நுட்பமான சொற்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை வட்டாரச் சொல் என்று ஒதுக்கிவிட்டு "பாடல்", "வசனம்", "நடனம்" என்று பொதுவாக எழுதுவதால் எவ்வளவோ இழக்கிறோம்.

ஒரே ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். தாளத்தோடு பாடுவது தரு. தாளக்கட்டு இல்லாமல் இழுத்துப் பாடுவது விருத்தம். இரண்டையும் "பாடல்" என்று எழுதினால் உடலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தருவில் கால் அடவு (ஆட்ட அடி) போடும், விருத்தத்தில் பெரும்பாலும் ஆட்டம் நின்று முகமும் குரலும் முன்னுக்கு வரும். ஆகவே "கர்ணன் தருவிலிருந்து விருத்தத்துக்கு மாறினான்" என்ற வாக்கியத்துக்குள்ளேயே உடல் நின்றது, காலம் நீண்டது, கவனம் முகத்துக்குப் போனது என்ற மூன்றும் அடங்கிவிடுகின்றன.

அதேபோல 'கட்டைவேஷம்'. மரத்தால் செய்த முடி, தோளணி, மார்புப்பதக்கம் அணிந்து வரும் பெரிய வேஷங்களுக்கு இந்தப் பெயர். "அரச பாத்திரம்" என்று எழுதினால் கதையில் அவர் யார் என்பது மட்டும் தெரியும். "கட்டைவேஷம்" என்றால் அந்த எடையைச் சுமந்துகொண்டு அவர் எப்படிச் சுழல முடியும், எப்படி உட்கார முடியாது என்பதும் சேர்ந்து வரும்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் அடிக்கடி நிகழ்கிறது. 'ராஜபார்ட்', 'ஸ்திரீபார்ட்', 'பபூன்' ஆகியவை சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகம் என்ற மேடை நாடக வகையின் சொற்கள். அவற்றைக் கூத்தில் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். பபூனும் கட்டியங்காரனும் இருவருமே சிரிக்க வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கட்டியங்காரன் வேஷங்களை வரவேற்கிறான், கேள்வி கேட்டு அறிமுகப்படுத்துகிறான், சேவகனாக நிற்கிறான், இரவு முழுக்கக் களத்தை விட்டுப் போகாமல் கதையை நகர்த்துகிறான். பெயரை மாற்றினால் இந்த வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

5. ஆள், வேஷம், பாத்திரம்: மூன்றையும் பிரியுங்கள்

மேடையில் நிற்பவரைப் பற்றி எழுதும்போது "கர்ணன்" என்ற ஒரே பெயரை எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறோம். பகல் முழுக்க வயலில் வேலை செய்துவிட்டு வந்த ஆள் ஒருவர். முகத்தில் பூசும் முத்துவெள்ளை, அரிதாரம், பிறகு கட்டை, சலங்கை எல்லாம் சேர்ந்து உருவான வேஷம் ஒன்று. மகாபாரதத்தின் பாத்திரம் ஒன்று. பாடநூல்கள் பெரும்பாலும் நடிகர், பாத்திரம் என்று இரண்டாகப் பிரிக்கும். கூத்துக்காரர்களின் 'வேஷம்' என்ற சொல் நடுவில் ஒரு தளத்தைத் தருகிறது. இது கிடைத்தற்கரிய சொல், விட்டுவிடாதீர்கள்.

ஒரு நொடியை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். போருக்குப் புறப்படும் இடத்தில் கர்ண வேஷம் கட்டியவர் களத்தைச் சுற்றிச் சுழன்றாடிவிட்டு நின்றார். மூச்சு வாங்கியது, மார்புக்கட்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. இந்த மூச்சு யாருடையது? ஆளுடையது என்றால் அது களைப்பு. பாத்திரத்தினுடையது என்றால் அது சினம். நான் பார்த்த இரவில் கட்டியங்காரன் விசிறியை எடுத்து வீசி, "ராசாவுக்கு ரெண்டு வாய் தண்ணி கொடுங்கப்பா" என்றார். உடனே அது ஆளுடைய மூச்சாகிவிட்டது. ஊர் சிரித்தது. அடுத்த விருத்தம் தொடங்கியதும் அதே மூச்சு கர்ணனுடையதாக மாறியது. இந்த மாற்றத்தை எழுத மூன்று சொற்களும் தேவை. இரண்டு இருந்தால் போதாது.

6. மேடையிலுள்ளவற்றை வகைப்படுத்துங்கள், பிறகு 'குறி' என்று பேசுங்கள்

போலந்து ஆய்வாளர் ததேயுஷ் கோவ்சான் 1968-இல் அரங்கின் குறிகளை 13 ஆகப் பிரித்தார். பேச்சு, தொனி, முகபாவம், சைகை, இடப்பெயர்ச்சி, ஒப்பனை, தலையலங்காரம், உடை ஆகிய எட்டும் நடிகரைச் சார்ந்தவை. கைப்பொருள், அரங்கமைப்பு, ஒளி, இசை, ஒலி ஆகிய ஐந்தும் நடிகருக்கு வெளியே உள்ளவை. சரிபார்க்கும் பட்டியலாக இது நன்றாக உதவும். உங்கள் குறிப்பில் இந்த 13-இல் எது காலியாக இருக்கிறது என்று பாருங்கள். புதியவர்களிடம் பெரும்பாலும் தொனியும் இடப்பெயர்ச்சியும் காலியாக இருக்கும்.

பட்டியலின் வரிசையிலேயே கட்டுரையை எழுதிவிடாதீர்கள். பதின்மூன்று சிறு பத்திகள் வரும், வாதம் வராது.

அடுத்தது 'குறியீடு'. மாணவர் கட்டுரைகளில் மிக அதிகமாகத் தேய்ந்த சொல் இதுதான். ஆழமான பொருள் இருப்பதாகத் தோன்றும் எல்லாவற்றையும் குறியீடு என்கிறார்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் பியர்ஸ் செய்த பிரிவினை இங்கே கைகொடுக்கும். பொருளை ஒத்திருப்பதால் அதைக் காட்டுவது உருவக்குறி. பொருளோடு நேரடித் தொடர்பு இருப்பதால் காட்டுவது சுட்டுக்குறி, நெருப்புக்குப் புகைபோல. உடன்பாட்டால் மட்டும் காட்டுவது குறியீடு.

அன்று களத்தில் ஒரே ஒரு மரப்பெஞ்சு இருந்தது. முதலில் துரியோதனனின் அரியணை. பின்னால் கர்ணன் அதன்மேல் ஏறி நின்றதும் தேர். பெஞ்சு தேரைப்போல இல்லை, ஆகவே உருவக்குறி ஆகாது. சல்லியன் வேஷம் கட்டியவர் கடிவாளம் பிடிப்பதுபோலக் கையை வைத்தாரே, அந்தக் கையசைவு உருவக்குறி. அதைப் பார்த்த பிறகு பெஞ்சைத் தேராக ஒப்புக்கொண்டோம். இப்படி எழுதினால், தேர் எந்த நொடியில் எதனால் தேரானது என்பது வாசகருக்குத் தெரிகிறது. "பெஞ்சு தேரின் குறியீடு" என்று முடித்துவிட்டால் சல்லியனின் கையை இழந்துவிடுகிறோம்.

7. வெளியைச் சரியான பெயரால் சொல்லுங்கள்

"திரை விலகியது, மேடையில் கர்ணன் தோன்றினான்" என்ற வாக்கியத்தில் இரண்டு பிழை. கூத்துக்களத்தில் உயர்ந்த மேடை இல்லை. தரையில், மூன்று பக்கமும் மக்கள் உட்கார்ந்திருக்க, நான்காம் பக்கத்தில் வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். திரை என்பதும் சபா மேடையின் முன்திரை அல்ல. அந்தத் திரை மேடை முழுவதையும் மறைக்கும். இது ஒரு வேஷத்தை மட்டும் மறைக்கிறது. அதுவும் முழுக்க மறைக்காமல், இருப்பதை அறிவித்துக்கொண்டே மறைக்கிறது.

இதைச் சொல்ல நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: எழினி. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்றைச் சொல்கிறது. அரங்கின் அளவையும் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று தருகிறது. சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "கூத்துத் திரையே கரந்துவரல் எழினி" என்று சமன் போடாதீர்கள். அது உயர்ந்த அரங்கில் தொங்கிய திரை. இது இரண்டு ஆள் கையில் பிடிக்கும் துணி. ஒப்பிடுங்கள், ஒன்றாக்காதீர்கள்.

வலம், இடம் என்று எழுதும்போது நடிகரின் வலமா பார்ப்பவரின் வலமா என்பதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். மூன்று பக்கம் ஆட்கள் உட்காரும் களத்தில் "வாத்தியப் பக்கம்", "ஊர்ப் பக்கம்" என்பது இன்னும் தெளிவு.

8. யார் யாரிடம் பேசுகிறார் என்பதை வைத்துப் பேச்சை வகைப்படுத்துங்கள்

தனிமொழி, புறமொழி, உரையாடல், எடுத்துரைப்பு ஆகிய நான்கையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரே கேள்வி போதும்: களத்தில் உள்ள மற்ற பாத்திரங்களுக்கு இது கேட்கிறதா?

பாத்திரம் தனியாக நின்று தன் மனத்தைத் தனக்கே சொன்னால் தனிமொழி. மற்றவர் அருகில் இருந்தும் அவருக்குக் கேட்காததாக வைத்துப் பார்வையாளரிடம் சொன்னால் புறமொழி. கட்டியங்காரன் ஊரைப் பார்த்துப் பேசுவதைப் புறமொழி என்று எழுதுகிறார்கள். துரியோதனனுக்கு அது நன்றாகவே கேட்கிறது, "யாரிடம் பேசுகிறாய்?" என்று அதட்டவும் செய்கிறான். எனவே அது புறமொழி ஆகாது. ஊரையும் அரசனையும் ஒரே உரையாடலில் வைக்கும் பேச்சு அது.

இப்போது 'வந்தான்' என்ற அந்த விகுதிக்கு வருவோம். திரைக்குப் பின்னால் நிற்பவர் தன் பாத்திரத்தைப் படர்க்கையில் பாடுகிறார். பிளேட்டோ 'குடியரசு' நூலில் இரண்டைப் பிரிக்கிறார்: புலவர் தன் குரலில் சொல்வது எடுத்துரைப்பு, பிறராகவே மாறிப் பேசுவது போலச்செய்தல். திரைக்குப் பின்னால் நின்று பாடும் இந்தத் திரைத்தரு எடுத்துரைப்பு. ஆனால் அதைப் பாடும் கால்கள் ஏற்கெனவே கர்ணனின் அடவை ஆடிக்கொண்டிருக்கின்றன. வாய் சொல்கிறது, கால் ஆகிவிட்டது. இரண்டு சொல்லையும் ஒரே உடலின் இரண்டு உறுப்புக்குத் தனித்தனியாகக் கொடுத்தபோதுதான் அந்தக் காட்சி எனக்கு முழுதாகப் பிடிபட்டது.

9. கதை வேறு, கதைப்பின்னல் வேறு

இது எளிதானது, ஆனால் தவறாமல் தவறும் இடம். கர்ணனின் கதை ஆற்றில் விடப்பட்ட பெட்டியில் தொடங்குகிறது. 'கர்ண மோட்சம்' ஆட்டத்தின் பின்னல் 17-ஆம் நாள் போரை ஒட்டியது. பிறப்பு, பரசுராமரின் சாபம், கவச குண்டலம் எல்லாம் பாட்டிலும் பேச்சிலும் பின்னோக்கி வருகின்றன. கதைச்சுருக்கம் எழுதி இரண்டு பக்கத்தை வீணாக்காமல், எந்தத் தகவல் எந்த இடத்தில், யார் வாயால் வெளிவந்தது என்று எழுதுங்கள்.

அரிஸ்டாட்டிலின் சொற்களை எடுத்தால் வரையறையோடு எடுங்கள். அறிதல் என்றால் அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறுவது. அப்படியானால் யாருடைய அறிதல் என்று கேளுங்கள். கர்ணனுக்குத் தன் பிறப்பு முன்பே தெரிந்துவிட்டது. ஊருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். குந்தி அவனை மடியில் போட்டுக் கதறும்போது அறிகிறவர்கள் பாண்டவர்கள். கொன்ற பிறகு தெரிந்துகொள்கிற அந்தத் துயரம் அருச்சுனனுடையது. "கர்ணனின் அறிதல்" என்று எழுதியவர்கள் காட்சியின் மையத்தையே இடம் மாற்றிவிடுகிறார்கள்.

'ஹமார்ஷியா' என்ற சொல்லைக் "குணக்குறை" என்று மொழிபெயர்த்துவிட்டு, செஞ்சோற்றுக்கடனைக் கர்ணனின் குறை என்று எழுதுவது அடுத்த பிழை. அரிஸ்டாட்டில் சொல்வது தீமையினால் அல்லாமல் நேரும் தவறு. கர்ணனோ எல்லாம் தெரிந்தே ஒரு பக்கத்தில் நிற்கிறான். தவறிச் செய்ததும், தெரிந்து தேர்ந்ததும் ஒன்றல்ல. இந்த இடத்தில் அந்தச் சொல் பொருந்தவில்லை என்று எழுதுவதே நல்ல பகுப்பாய்வு.

10. மெய்ப்பாடு, சுவை, கண்ணீர்

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் வெளிப்பட்டுத் தெரிவது மெய்ப்பாடு. ஆகவே இந்தச் சொல்லைப் போட்டால் எந்த உறுப்பில் எப்படித் தெரிந்தது என்று கூடவே எழுத வேண்டும். கர்ணனின் மனைவியைப் பற்றி "பொன்னுருவியிடம் இளிவரல்" என்று நிறுத்தாதீர்கள். பிறப்பைச் சொல்லிக் கணவனை இகழ்ந்தபோது பெண்வேஷம் கட்டியவர் முந்தானையை இழுத்து உடம்போடு ஒட்டிக்கொண்டார், அவன் நிழல்கூடப் படக்கூடாது என்பதுபோல. அதுதான் சான்று.

ரசம், அதாவது சுவை, வேறு. நாட்டிய சாஸ்திர மரபில் நடிப்பில் வெளிப்படுவது பாவம், அதைத் துய்ப்பவரிடம் நிறைவது ரசம். "நடிகர் சோக ரசத்தைக் காட்டினார்" என்ற வாக்கியத்தில் சோகம் என்பது பாவத்தின் பெயர், ரசத்தின் பெயர் கருணம்.

உணர்வுவெளியேற்றம் என்று தமிழில் எழுதும் 'கதார்சிஸ்' சொல்லை எச்சரிக்கையாகத் தொடுங்கள். வட மாவட்டங்களில் துக்கம் நடந்த வீட்டில் காரியத்தன்று 'கர்ண மோட்சம்' ஆடும் வழக்கம் உண்டு. அப்படி ஓர் இரவில் நான் உட்கார்ந்திருந்தேன். தந்தையை இழந்த மகன் முன்வரிசையில் மொட்டைத் தலையோடு இருந்தார். குந்தி வேஷம் கட்டியவர் ஒப்பாரி மெட்டில் பாடத் தொடங்கியதும் வீட்டுப் பெண்கள் சேர்ந்து அழுதார்கள். அவர்கள் கர்ணனுக்காக மட்டும் அழவில்லை. ஒரு பாட்டி இறந்தவரின் பெயரைச் சொல்லியே அழுதார்.

அரிஸ்டாட்டில் சொல்வது இரக்கமும் அச்சமும் வழியாக நாடகம் பார்வையாளரிடம் நிகழ்த்துவதை. அதன் பொருள் வெளியேற்றமா, தூய்மையாக்கமா, தெளிவா என்று அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. இந்தக் காரிய வீட்டில் பார்வையாளர் நாடகத்துக்கு வெளியே இருந்து இரங்குகிறவர் அல்லர், சடங்கின் உரிமையாளர். 'ஒப்பாரி', 'காரியம்' என்ற சொற்களே இங்கே நுட்பமான கலைச்சொற்கள். அவற்றை முதலில் வைத்து, தேவைப்பட்டால் பிறகு கிரேக்கச் சொல்லோடு ஒப்பிடுங்கள்.

11. கடன் வாங்கிய சொல்லைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கட்டியங்காரன் பார்வையாளரிடம் பேசுகிறான், பாத்திரத்தைக் கிண்டல் செய்கிறான், நாடகத்தை நிறுத்துகிறான். ஆகவே இது ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் அந்நியமாதல் என்று எழுதிவிடுகிறார்கள். கடன் சொல்லை மூன்று கேள்வியால் சோதியுங்கள். அந்தச் சொல் எந்தப் பழக்கத்துக்கு எதிராகப் பிறந்தது? அந்தப் பழக்கம் இங்கே இருக்கிறதா? இல்லையென்றால், அதே செய்கை இங்கே என்ன வேலை செய்கிறது?

ஐரோப்பியப் படச்சட்ட மேடையில் பார்வையாளர் இருட்டில் உட்கார்ந்து, மேடையில் நடப்பது உண்மை என்று மயங்கி, பாத்திரத்தோடு ஒன்றிவிடுகிறார் என்பது பிரெக்டின் குறை. அந்த மயக்கத்தைக் கலைத்து, சமூகத்தைப் பற்றிச் சிந்திக்க வைக்கவே அவர் அந்த உத்திகளைக் கொண்டுவந்தார். 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்து, அதைத் தன் கருத்துக்குச் சான்றாக எழுதினார். சீன மேடைக்கு அது நெடுநாள் வழக்கம். அந்நியமாகத் தெரிந்தது வெளியிலிருந்து வந்தவரின் கண்ணுக்குத்தான்.

மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே இருப்பதாகக் கற்பனை செய்யும் சுவர்தான் நான்காம் சுவர். கூத்தில் அப்படி ஒன்று கட்டப்படவே இல்லை. கட்டாத சுவரை உடைக்க முடியாது. அங்கே விளக்கு பார்வையாளர் மேலும் விழுகிறது, குழந்தைகள் களத்தின் ஓரத்தில் தூங்குகின்றன, டீ வருகிறது. கட்டியங்காரன் பேசுவதால் ஊர் கதையிலிருந்து விலகுவதில்லை. மாறாக, கதை ஊருக்குள் வருகிறது. சற்றுமுன் அவனோடு சிரித்தவர்களே சிறிது நேரத்தில் குந்தியோடு அழுகிறார்கள். சில கூத்துகளில் மருள் வந்து ஆடுபவர்களும் உண்டு. விலகலையே நோக்கமாகக் கொண்ட அரங்கில் இது நிகழாது.

அப்படியானால் அந்தச் சொல்லே வேண்டாமா? வேண்டும், ஒப்பீட்டுக்கு. "செய்கை ஒத்திருக்கிறது, வேலை வேறு" என்று எழுதுங்கள். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற தொல்காப்பியச் சொல்லிணையை எடுக்கும்போதும் இதே நேர்மை வேண்டும். அது அங்கே அகப்பாடலைப் பற்றிச் சொன்னது. அரங்குக்கு விரித்துப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், உங்கள் கையில் மிக நல்ல கருவி இருக்கும்.

12. பத்தியை எழுதும் வரிசை

கண்டது, பெயர், பிரிவு, வேலை. இந்த வரிசையில் நான்கு படி. கண்டதைச் சொல்லுங்கள். பெயர் கொடுங்கள். அந்தப் பெயர் எதிலிருந்து இதைப் பிரிக்கிறது என்று சொல்லுங்கள். அதனால் ஆட்டத்தில் என்ன நேர்ந்தது என்று முடியுங்கள். பெயரை முதலில் வைத்தால் சான்று பெயருக்கு ஏற்றாற்போல வளைந்துவிடும்.

திருத்துவதற்கு முன் ஒரு மாணவர் எழுதியது: "கட்டியங்காரன் நகைச்சுவை மூலம் நான்காம் சுவரை உடைத்து அந்நியமாதலை ஏற்படுத்துகிறான். இது ஒரு சமூகக் குறியீடு."

நான்கு படியில் அவரே திருத்தி எழுதியது: "கர்ண வேஷம் கட்டியவர் சுழன்றாடி நின்றதும் கட்டியங்காரன் விசிறி வீசி, அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இது புறமொழி அன்று, கர்ணனுக்கும் கேட்டது. இந்தப் பேச்சு வேஷத்திலிருந்து ஆளைப் பிரித்து ஒரு நொடி ஊருக்குக் காட்டியது. அடுத்த விருத்தத்தில் அதே ஆள் மீண்டும் கர்ணனாக ஏற்கப்பட்டபோது, அந்த ஏற்பு பார்வையாளர் தெரிந்தே செய்ததாக இருந்தது." இதில் ஒரு சில கலைச்சொல்தான் இருக்கிறது, எல்லாம் வேலை செய்கின்றன.

13. முடிப்பதற்கு முன் சரிபார்ப்பு

ஒவ்வொரு கலைச்சொல்லையும் வட்டமிட்டு, அதை நீக்கி வாக்கியத்தைப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் சொல்லை எடுத்துவிடுங்கள். ஒரே கருத்துக்கு இரண்டு சொல் மாறி மாறி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிடத்தில் 'பிரதி', இன்னோரிடத்தில் 'பனுவல்' என்றால் இரண்டும் வேறு என்று வாசகர் நினைப்பார். பள்ளிக்கூடத்தில் சொன்னபடி அழகுக்காகச் சொல்லை மாற்றிப் போடுவது இங்கே கெடுதல்.

'மரபு' என்ற சொல் வந்த இடமெல்லாம் நின்று பாருங்கள். வழிவழி வந்ததைச் சொல்கிறீர்களா, ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் உள்ள உடன்பாட்டைச் சொல்கிறீர்களா? பின்னதற்கு 'வழக்கு' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கடைசியாக, கட்டுரையை வாத்தியாரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை வாசித்தபோது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் தரு என்று எழுதியிருந்த ஓர் இடத்தில் கையை நீட்டித் தடுத்தார். "அது விருத்தம்ங்க. நீங்க எழுதியிருக்கிற மாதிரி அங்க கால் ஓடாது." பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கால் நின்றுதான் இருந்தது. அந்தப் பத்தியை முழுக்க அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.